வினையூக்கி சமநிலையை நகர்த்தாது என்றால் அம்மோனியா ஆலையில் அதற்கு என்ன வேலை?

அரைமோல்:

சமநிலைப் பாடத்தில் ஒரு வரி வருகிறது: வினையூக்கி சமநிலையை அடையும் நேரத்தைக் குறைக்கும், சமநிலை இருக்கும் இடத்தை மாற்றாது. அப்படியே எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும், அதில் சிக்கல் இல்லை. ஆனால் மனதில் ஒட்டமாட்டேன் என்கிறது.

வினையூக்கி கிளர்வு ஆற்றலை, அதாவது வினை நடக்கத் தாண்டவேண்டிய ஆற்றல் தடையை, குறைக்கிறது, சரி. முன்னோக்கு வினைக்கு மட்டும் குறைத்தால் என்ன? பின்னோக்கு வினையையும் அதே மடங்கு வேகப்படுத்தியே ஆகவேண்டும் என்று என்ன கட்டாயம்? அதுவும் வினை தொடங்கும்போது கலனில் வினைவிளை பொருளே கிடையாது, அந்த நேரத்தில் பின்னோக்கு வினையும் வேகமாகிறது என்று சொன்னால் அதற்கு என்ன அர்த்தம்?

அப்புறம் அடுத்த பக்கத்திலேயே ஹேபர் முறை வந்துவிடுகிறது. அதிக அம்மோனியா பெறுவதற்காக இரும்பு வினையூக்கியைப் பயன்படுத்துகிறார்களாம். முந்தைய பக்கத்தில் சொன்னதற்கு இது நேர் எதிராக இல்லையா? எஸ்டர் தயாரிக்கும்போது அடர் சல்ஃப்யூரிக் அமிலத்தைத் தாராளமாக விட்டால் எஸ்டர் கூடுதலாகக் கிடைக்கிறது என்றும் படித்தேன், அந்த அமிலமும் வினையூக்கி என்றுதான் எழுதியிருக்கிறது.

"அது விதி, அப்படித்தான்" என்கிற பதில் வேண்டாம். ஏன் என்று யாராவது விளக்கினால் நன்றாக இருக்கும்.

குடுவை:

வேகம் வேறு, வேக மாறிலி வேறு. உங்கள் குழப்பத்தில் பாதி இங்கேதான் இருக்கிறது.

வேக மாறிலியைச் செறிவோடு பெருக்கினால் வருவது வேகம். வினையூக்கி கைவைப்பது மாறிலியில் மட்டும். தொடக்கத்தில் வினைவிளை பொருள் இல்லை, அதனால் பின்னோக்கு வினையின் வேகம் சுழியம், சுழியத்தை எத்தனை ஆயிரத்தால் பெருக்கினாலும் சுழியம்தான். ஆனால் மாறிலி அப்போதே உயர்ந்துவிட்டது. பொருள் சேரச் சேர பின்னோக்கு வினையும் அந்த உயர்ந்த மாறிலியோடுதான் ஓடும். கடைசியில் இரண்டு வேகமும் சமமாகும் இடத்தில் செறிவுகளின் விகிதத்தை எழுதிப் பாருங்கள், முன்னோக்கு மாறிலியைப் பின்னோக்கு மாறிலியால் வகுத்தது வந்து நிற்கும். அதுதான் சமநிலை மாறிலி. மேலேயும் கீழேயும் ஒரே மடங்கு உயர்ந்தால் வகுக்கும்போது அந்த மடங்கு அடிபட்டுப் போய்விடும்.

ஏன் ஒரே மடங்கு என்பதற்கு எண்களோடு பார்த்தால் தெளிவாகும். ஹைட்ரஜன் அயோடைடு சிதைந்து ஹைட்ரஜனும் அயோடினும் ஆகும் வினையை எடுத்துக்கொள்ளுங்கள். வினையூக்கி இல்லாமல் கிளர்வு ஆற்றல் மோலுக்கு சுமார் 184 கிலோஜூல். தங்கத்தின் பரப்பில் நடந்தால் 105. பிளாட்டினத்தின் பரப்பில் 59. இந்த வினை உள்வாங்கும் வெப்பம் ஏறத்தாழ 10 கிலோஜூல், அதாவது வினைவிளை பொருள்கள் வினைபடு பொருளைவிட அந்த அளவு உயரத்தில் இருக்கின்றன. அப்படியானால் பின்னோக்கு வினைக்கான கிளர்வு ஆற்றல் என்ன? அதே வரிசையில் 174, 95, 49. மூன்று நிலையிலும் வித்தியாசம் அதே 10 தான். போகிறவர்களுக்கும் வருகிறவர்களுக்கும் ஒரே கணவாய், அதன் உயரத்தைக் குறைத்தால் இரண்டு பக்கத்தாருக்கும் அதே அளவு குறையும். இரண்டு பக்கத்து அடிவாரமும் இருந்த இடத்திலேயேதான் இருக்கின்றன, ஏனென்றால் வினையூக்கி வினைபடு பொருளையும் வினைவிளை பொருளையும் மாற்றவில்லை, இடையில் உள்ள பாதையை மட்டும் மாற்றியது.

இந்தக் குறைப்பு எவ்வளவு பெரிய விஷயம் என்று பார்க்க வேண்டுமானால், 27 டிகிரி செல்சியஸில் கிளர்வு ஆற்றல் 30 கிலோஜூல் குறைந்தால் வேக மாறிலி ஏறத்தாழ 1,70,000 மடங்கு உயரும். முன்னோக்கும் உயரும், பின்னோக்கும் உயரும்.

இதே வினையை 1890களில் மாக்ஸ் போடன்ஸ்டைன் இரண்டு முனையிலிருந்தும் தொடங்கிப் பார்த்தார். ஹைட்ரஜன் அயோடைடை மட்டும் குழாயில் அடைத்துச் சூடாக்கினாலும் சரி, ஹைட்ரஜனையும் அயோடினையும் அடைத்துச் சூடாக்கினாலும் சரி, ஒரே வெப்பநிலையில் முடிவு ஒரே கலவைதான். 425 டிகிரி செல்சியஸ் பக்கம் ஹைட்ரஜன் அயோடைடில் ஏறத்தாழ 21 சதவீதம் சிதைந்திருக்கும். எந்தப் பக்கமிருந்து வந்தோம், எவ்வளவு வேகமாக வந்தோம் என்பதெல்லாம் அந்த 21ஐத் தொடாது.

தராசுமுள்:

குடுவை சொன்னது எப்படி நடக்கிறது என்பதற்கான விளக்கம். வேறு மாதிரி நடக்கவே முடியாது என்பதற்கு இன்னொரு வாதம் இருக்கிறது, எனக்கு அதுதான் அதிகம் பிடிக்கும், ஏனென்றால் அதற்குப் பாதை, கிளர்வு ஆற்றல், மூலக்கூறு எதைப் பற்றியும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

நைட்ரஜன் டைஆக்சைடு பழுப்பு நிற வாயு. இரண்டு மூலக்கூறு சேர்ந்தால் நிறமில்லாத டைநைட்ரஜன் டெட்ராக்சைடு ஆகும். இரண்டும் சமநிலையில் இருக்கும் கலவையைப் பிஸ்டன் உள்ள உருளையில் அடையுங்கள். உருளையைச் சுற்றி மாறாத வெப்பநிலையில் நீர். இப்போது சமநிலையை இணைந்த மூலக்கூறு பக்கம் தள்ளக்கூடிய ஒரு வினையூக்கி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதை ஒரு சிறு பெட்டியில் வைத்து உருளைக்குள் பொருத்தி, பெட்டியின் மூடியைத் திறக்கிறோம். மூலக்கூறுகளின் எண்ணிக்கை குறைகிறது, பிஸ்டன் உள்ளே வருகிறது. மூடியை மூடுகிறோம். கலவை பழைய சமநிலைக்குத் திரும்புகிறது, பிஸ்டன் வெளியே தள்ளப்படுகிறது. பிஸ்டனில் ஒரு சக்கரத்தை மாட்டினால் மூடியைத் திறந்து மூடியே அதை முடிவில்லாமல் சுற்ற வைக்கலாம். எரிபொருள் கிடையாது, வினையூக்கியும் தீராது, சுற்றியுள்ள நீரின் வெப்பத்தை மட்டும் எடுத்து அப்படியே வேலையாக மாற்றிக்கொண்டிருக்கும் இயந்திரம். ஒரே வெப்பநிலையில் உள்ள மூலத்திலிருந்து வெப்பத்தை எடுத்து, வேறு எந்த மாற்றமும் இல்லாமல் முழுவதையும் வேலையாக்க முடியாது என்பதுதான் வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி. ஆக அப்படி ஒரு வினையூக்கி இருக்க முடியாது.

இந்த வழியில் யோசித்தவர்களில் வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட் முக்கியமானவர். வினையூக்கம், சமநிலை, வினைவேகம் ஆகியவற்றைப் பற்றிய ஆய்வுகளுக்காக 1909இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இதிலிருந்து உடனே வரும் முடிவு ஒன்று: ஒரு வினைக்கு வினையூக்கியாக இருப்பது அதே சூழலில் அதன் எதிர்வினைக்கும் வினையூக்கியாக இருந்தே தீரும். சமநிலை மாறிலியும் திட்டக் கட்டிலா ஆற்றல் மாற்றமும் (தொடக்கப் பொருளையும் முடிவுப் பொருளையும் மட்டும் பொறுத்த ஆற்றல் வித்தியாசம்) ஒன்றோடொன்று கட்டப்பட்டவை, அந்தச் சமன்பாட்டில் வினையூக்கிக்கு இடமே இல்லை.

ஊதுலை:

தம்பி, நான் அம்மோனியா ஆலையில் பல காலம் வேலை பார்த்தவன். ஹேபர் முறையைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு நான் பதில் சொல்கிறேன். "அதிக அம்மோனியா பெற" என்ற வரி தப்பு என்று சொல்ல மாட்டேன், ஆனால் நடுவில் ஒரு படியை விழுங்கிவிட்டார்கள்.

நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்து அம்மோனியா ஆவது வெப்ப உமிழ் வினை, ஒரு மோல் நைட்ரஜனுக்குச் சுமார் 92 கிலோஜூல். அப்படியானால் வெப்பநிலை குறையக் குறைய சமநிலை அம்மோனியா பக்கம் சாயும். ஒன்றுக்கு மூன்று கலவையை 100 வளிமண்டல அழுத்தத்தில் வைத்தால் சமநிலையில் 500 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 10 சதவீதம்தான் அம்மோனியா, 400இல் 25, 300இல் 52. இந்த எண்களை எந்த வினையூக்கியாலும் அசைக்க முடியாது. சரி, அப்போது 300இல் ஓட்டிவிட்டுப் போகலாமே என்றால், நைட்ரஜனின் முப்பிணைப்பை உடைக்க மோலுக்கு 945 கிலோஜூல் வேண்டும், வினையூக்கி இல்லாமல் அங்கே ஒன்றுமே நடக்காது. நல்ல வினையூக்கி கிடைத்தால் குறைந்த வெப்பநிலையில் ஓட்டலாம், குறைந்த வெப்பநிலையில் சமநிலை நமக்குச் சாதகமாக இருக்கிறது. விளைச்சலைக் கூட்டியது வெப்பநிலைதான். அந்த வெப்பநிலைக்கு இறங்க வழிவிட்டது வினையூக்கி.

வரலாறும் இதே வழியில்தான் போனது. ஹேபர் முதலில் 1000 டிகிரி பக்கத்தில் இரும்பை வைத்துச் சமநிலையை அளந்தார், சாதாரண அழுத்தத்தில் அம்மோனியா மிகமிகச் சொற்பம். அந்த எண் சரியா தப்பா என்று வேதியியலாளர் நெர்ன்ஸ்ட்டோடு 1907இல் பெரிய வாக்குவாதமே நடந்தது. வினையூக்கியை மாற்றினால் மாறிவிடும் எண்ணாக இருந்திருந்தால் அதற்காக யாரும் வாதாடியிருக்க மாட்டார்கள். அப்புறம் அழுத்தத்தை ஏற்றி, ஆஸ்மியத்தை வைத்து வெப்பநிலையை இறக்கி, 1909இல் சொட்டுச் சொட்டாக அம்மோனியா வர வைத்தார். ஆஸ்மியம் உலகத்திலேயே கொஞ்சம்தான் இருந்தது, அதனால் பிஏஎஸ்எஃப் நிறுவனத்தில் ஆல்வின் மிட்டாஷ் ஆயிரக்கணக்கான சோதனைகள் செய்து அலுமினாவும் பொட்டாஷும் கலந்த இரும்புக்கு வந்து சேர்ந்தார். 1913இல் ஓப்பாவ் ஆலை ஓடத் தொடங்கியது.

ஆனால் இதைவிட எனக்குப் பிடித்த உதாரணம் அதே ஆலையில் கொஞ்சம் முன்னால் இருக்கிறது. கார்பன் மோனாக்சைடையும் நீராவியையும் சேர்த்துக் கார்பன் டைஆக்சைடும் ஹைட்ரஜனும் ஆக்கும் ஷிஃப்ட் பகுதி. வினை ஒன்றுதான், வெப்ப உமிழ் வினை, 41 கிலோஜூல். ஆனால் இரண்டு கன்வெர்ட்டர் (வினை நடக்கும் கலன்), இரண்டு வினையூக்கி. முதலாவதில் இரும்பு ஆக்சைடும் குரோமியம் ஆக்சைடும், 350 முதல் 450 டிகிரி வரை. வெளியே வரும் வாயுவில் இன்னும் 2 முதல் 4 சதவீதம் கார்பன் மோனாக்சைடு இருக்கும். வினையூக்கிப் படுகையை இரண்டு மடங்கு ஆழமாக்கினாலும் அதற்குக் கீழே பெரிதாக இறங்காது, அந்த வெப்பநிலைக்குச் சமநிலை அங்கேதான் நிற்கிறது. வாயுவைக் குளிரவைத்து இரண்டாவதில் விடுகிறோம், அங்கே செம்பும் துத்தநாக ஆக்சைடும், 200 டிகிரிக்குச் சற்று மேலே. வெளியே வரும்போது 0.3 சதவீதத்துக்குள் இறங்கியிருக்கும். செம்புதான் இரும்பைவிடச் சமநிலையை நன்றாகத் தள்ளியது என்று நினைக்கத் தோன்றும். இல்லை. செம்பை 400 டிகிரியில் வைத்தால் (துகள்கள் ஒட்டிப் பருத்துக் கெட்டுப்போகும், அது வேறு விஷயம்) அதே 2 சதவீதத்துக்கு மேலேதான் நிற்கும். இரும்பை 200இல் வைத்தால் வாயு வந்த மாதிரியே போய்விடும். செம்பு 200 டிகிரியிலும் உயிரோடு வேலை செய்கிறது, அதற்காகத்தான் அது அங்கே இருக்கிறது.

தராசுமுள் சொன்ன எதிர்வினை விஷயமும் அதே ஆலையில் கண்ணால் பார்க்கக் கிடைக்கும். ரிஃபார்மரில் நிக்கல், 800 டிகிரிக்கு மேலே, மீத்தேனும் நீராவியும் சேர்ந்து கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும். அப்புறம் கடைசியில் மெத்தனேட்டரில் மறுபடியும் நிக்கல், 300 டிகிரி பக்கம், மிச்சமிருக்கும் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் சேர்ந்து மீத்தேனும் நீராவியும். முதலில் நடந்த அதே வினை, தலைகீழாக. உலோகமும் அதே உலோகம். திசையை நிர்ணயித்தது வெப்பநிலையும் அழுத்தமும் வாயுவின் கலவையும். மெத்தனேட்டரில் நாங்கள் எப்போதும் கண் வைத்திருப்பது படுகையின் வெப்பமானிகள்மேல், ஏனென்றால் முன்னால் ஏதாவது கோளாறாகி 1 சதவீதம் கார்பன் மோனாக்சைடு கூடுதலாக வந்துவிட்டால் படுகை சுமார் 70 டிகிரி ஏறிவிடும். சமநிலையை நோக்கி ஓடும் வினையை வினையூக்கி எவ்வளவு வேகமாக விட்டுவிடும் என்பதை அந்த முள் ஏறும்போதுதான் உணர முடியும்.

அரைமோல்:

இப்போது நன்றாகப் புரிகிறது. இரண்டாவது கன்வெர்ட்டர் உதாரணம் ஒன்றே போதும். எல்லோருக்கும் நன்றி. சல்ஃப்யூரிக் அமிலம் மட்டும் பாக்கி இருக்கிறது.

குடுவை:

அசெட்டிக் அமிலமும் எத்தனாலும் சம மோல் எடுத்தால் சமநிலை மாறிலி ஏறத்தாழ 4, மூன்றில் இரண்டு பங்கு எஸ்டராகும். சில துளி சல்ஃப்யூரிக் அமிலம் விட்டால் அந்த மூன்றில் இரண்டுக்கு விரைவாகப் போய்ச் சேர்வீர்கள், விடாவிட்டால் அறை வெப்பநிலையில் மிக நீண்ட காலம் ஆகும். இதுவரை அது வினையூக்கி.

தாராளமாக விட்டால் அடர் அமிலம் வினையில் உண்டாகும் நீரைத் தன்னோடு பிடித்துக்கொள்கிறது. வினைவிளை பொருள்களில் ஒன்றைக் கலவையிலிருந்து இழுத்துவிட்டதால் வினை முன்னே நகர்கிறது, லீ சாட்லியர் சொன்னதுதான். அந்த வேலையைச் செய்யும்போது அது வினையூக்கி கிடையாது, நீர்நீக்கி. ஒரே பொருள் இரண்டு வேலை செய்கிறது, பாடப்புத்தகம் இரண்டுக்கும் ஒரே பெயரைக் கொடுத்துவிட்டது. அமிலத்துக்குப் பதிலாக நீரை மட்டும் காய்ச்சி வடித்து எடுத்துக்கொண்டே இருந்தாலும் எஸ்டர் இதே மாதிரி கூடும்.

நொதிக்காரி:

உயிர்வேதியியல் பக்கமிருந்து ஒன்று சேர்க்கிறேன். நொதிகளை ஒருவழிப் பாதை போலப் பலர் நினைக்கிறார்கள், அம்புக்குறியை ஒரு பக்கம் மட்டும் வரைவதால் வந்த பழக்கம்.

கார்பானிக் அன்ஹைட்ரேஸ் சிவப்பணுக்களுக்குள் இருக்கிறது. கார்பன் டைஆக்சைடையும் நீரையும் பைகார்பனேட்டும் ஹைட்ரஜன் அயனியும் ஆக்கும், வேகமான வகைகளில் ஒரு நொதி மூலக்கூறு நொடிக்குப் பத்து லட்சம் தடவை வரை. தசையின் நுண்குழாயில் கார்பன் டைஆக்சைடு நிறைய வருகிறது, அங்கே வினை பைகார்பனேட் பக்கம் போகிறது. அதே சிவப்பணு நுரையீரலுக்கு வந்ததும் கார்பன் டைஆக்சைடு மூச்சில் வெளியேறிக்கொண்டே இருக்கிறது, அங்கே அதே நொதி பைகார்பனேட்டைத் திரும்பக் கார்பன் டைஆக்சைடாக்கித் தள்ளுகிறது. நொதி எதையும் முடிவு செய்யவில்லை. இரண்டு இடத்திலும் இரத்தத்தின் நிலை வேறு, அவ்வளவுதான். முன்னோக்கு வினையை மட்டும் வேகப்படுத்தும் நொதியாக இருந்திருந்தால் நுரையீரலில் நமக்கு எந்தப் பயனும் இல்லை.

தானாக மேலே ஏறாத வினையை உடல் நடத்த வேண்டுமானால் செல்களுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபி சிதைவதோடு அதைக் கோர்த்துவிடுகிறது. அப்போது மொத்த வினையே வேறு, அதன் சமநிலை மாறிலியும் வேறு. அங்கேயும் நொதி சமநிலையை நகர்த்தவில்லை.

அரைமோல்:

கடைசியாக ஒன்று. கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரஜனையும் செம்பு வினையூக்கியில் விட்டால் மெத்தனால், நிக்கலில் விட்டால் மீத்தேன் என்று படித்தேன். வினையூக்கியை மாற்றினால் பொருளே மாறுகிறதே? ஆலையில் விளைச்சல் குறைந்தால் அது சமநிலையால் வந்த குறையா, வினையூக்கி தேய்ந்ததால் வந்த குறையா என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

ஊதுலை:

முதல் கேள்விக்கு: எல்லா வழியும் திறந்திருந்து, போதுமான நேரமும் கொடுத்தால் அந்தக் கலவை மீத்தேன் பக்கம்தான் போகும், வெப்ப இயக்கவியல் அதைத்தான் விரும்புகிறது. செம்பு மெத்தனாலுக்கான வழியை மட்டும் திறக்கிறது, மீத்தேனுக்கான வழி மூடியே கிடக்கிறது. அதனால் மெத்தனால் வரைக்குமான சமநிலையில் கலவை நிற்கிறது, நாம் அதற்குள் வாயுவை வெளியே எடுத்துவிடுகிறோம். எந்த வினை நடக்கும் என்பதில் வினையூக்கிக்கு நிறையச் செல்வாக்கு உண்டு. நடக்கும் ஒவ்வொரு வினையும் எங்கே போய் நிற்கும் என்பதில் துளியும் இல்லை. மெத்தனால் படுகையில் இரும்போ நிக்கலோ கொஞ்சம் படிந்துவிட்டால் மீத்தேன் தலைகாட்ட ஆரம்பிக்கும், அதனால் அந்த உலோகங்கள் வாயுவோடு வந்து சேராமல் பார்த்துக்கொள்வார்கள்.

இரண்டாவதற்கு எங்களிடம் ஒரு கணக்கு உண்டு, அப்ரோச் என்போம். ஷிஃப்ட் கன்வெர்ட்டரிலிருந்து வெளிவரும் வாயுவைப் பகுத்து, இந்தக் கலவை எந்த வெப்பநிலையில் சமநிலையாக இருக்கும் என்று கணக்கிட வேண்டும். படுகையின் வெளிவாயில் வெப்பநிலையோடு அதை ஒப்பிட வேண்டும். இரண்டும் சில டிகிரிக்குள் ஒட்டி இருந்தால் வினையூக்கி தன் வேலையை முடித்துவிட்டது என்று அர்த்தம், கார்பன் மோனாக்சைடு இன்னும் குறைய வேண்டுமானால் வெப்பநிலையை இறக்க வேண்டும், இல்லையென்றால் நீராவியைக் கூட்ட வேண்டும். புது வினையூக்கி போட்டுப் பயனில்லை. இடைவெளி பெரிதாகிக்கொண்டே போனால் வினையூக்கி சோர்ந்துவிட்டது, கந்தகமோ குளோரினோ பட்டிருக்கும், இல்லை வயதாகியிருக்கும். அப்போது உள்வாயில் வெப்பநிலையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி வேகத்தைத் திரும்பப் பெறுவோம், அதற்கு விலையாகச் சமநிலையில் கொஞ்சம் இழப்போம், வெளியே போகும் கார்பன் மோனாக்சைடு மெதுவாக ஏறும். அடுத்த நிறுத்தத்தில் படுகையை மாற்றும்வரை இப்படியே ஓட்ட வேண்டியதுதான்.